மூன்று பேர் இருந்தால் உள்ளே

ஜூன் 2, திங்கள்

கம்பெனி கொடுத்த டைரி ஜனவரியிலிருந்து காலியாகக் கிடந்தது. இன்றைக்கு எழுத விஷயம் இருக்கிறது.

காலையில் நோட்டீஸ் போர்டில் ஒரு சுற்றறிக்கை. கார் நிறுத்தத்தில் பாதியை எடுத்துப் புது ஷெட் கட்டப்போகிறார்களாம். ஆகவே அடுத்த திங்கள் முதல், மூன்று பேருக்குக் குறையாமல் வரும் கார்களுக்கு மட்டுமே கேட்டுக்குள் அனுமதி. தனியாக வருகிறவர்கள் நெடுஞ்சாலை ஓரம், கிளைச் சாலை பிரியும் அரசூர் பிரிவில், கம்பெனி வாடகைக்கு எடுத்திருக்கும் காலி மனையில் வண்டியைப் போட்டுவிட்டு ஒரு மைல் நடந்து வர வேண்டும். இல்லையென்றால் காந்திபுரத்திலிருந்து கம்பெனி பஸ். கூடவே ஒரு படம்: ஒரே காரில் நான்கு பேர் பல்லைக் காட்டிக்கொண்டு போகிறார்கள். என் அனுபவத்தில் வேலைக்குப் போகும் எவனும் காலை ஏழு மணிக்குச் சிரிப்பதில்லை.

கீழே கையெழுத்து: திருமூர்த்தி, பொது மேலாளர்.

என்னிடம் டிப்ளமோ பையனாக வந்து சேர்ந்து, டிராயிங் போர்டில் பென்சில் பிடிக்க என்னிடம் கற்றுக்கொண்டவன். நான் எம்.இ. படித்தவன். இந்தக் கம்பெனியின் பம்ப்புகளில் பாதி என் தலையில் பிறந்தவை. என் காரை எங்கே நிறுத்துவதென்று அவன் முடிவு செய்கிறான்.

வீட்டுக்கு வந்து மனைவி வசுமதியிடம் சொன்னேன். "தனியாப் போறதுல அப்படி என்னங்க இருக்குது?" என்றாள்.

"யாரும் பக்கத்தில் இருக்கமாட்டார்கள்" என்றேன்.

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.


ஜூன் 4, புதன்

மனிதவளப் பிரிவிலிருந்து நித்திலா என்ற பெண் வந்தாள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் இருக்கும். இந்தத் திட்டத்தை அவள் தலையில் கட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு மேஜையாகப் போய் ஆள் சேர்க்கிறாள்.

"சார், வடவள்ளியில நாம மூணு பேர் இருக்கோம். நீங்க, நான், ஜி.எம். சார். என் கார்லயே போயிரலாம். ஜி.எம். சார் டிரைவரை வேண்டாம்னுட்டாரு, தெரியுங்களா?"

"வண்டியில் எனக்குப் பேச்சு ஆகாது."

"பேச மாட்டோம் சார். பாட்டுக் கேப்போம்."

"பாட்டும் ஆகாது."

"அப்ப நீங்க தூங்குங்க. நான் ஓட்டறேன்."

பக்கத்து மேஜைக்காரன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. என் காரில் நான் வருவேன், என்னை விட்டுவிடு என்று சொல்லி அனுப்பினேன்.

திருமூர்த்தியோடு ஒரே காரா! பொது மேலாளர் பதவி காலியானபோது எம்.டி. அவனை அழைத்து என்னைப் பற்றிக் கேட்டார். "சாருக்கு வேலை அத்துப்படிங்க. ஆனா ஆளுங்களோட ஒத்து வராதுங்க" என்றானாம். அந்த ஒரு வாக்கியம். பிறகு அந்த நாற்காலியில் அவனே உட்கார்ந்தான். இது நடந்து வருடங்கள் ஆகிவிட்டன என்று வசுமதி சொல்வாள். வருடங்கள் ஆனால் வாக்கியம் மாறிவிடுமா?

அன்றிலிருந்து நான் அவனை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சார் என்று சொல்ல வாய் வராது. பெயர் சொல்ல உத்தியோகம் இடம் தராது. அவன் அறைக்குள் போனால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுவேன்.


ஜூன் 9, திங்கள்

புதுச் சட்டத்தின் முதல் நாள். பிரிவில் காரைப் போட்டுவிட்டு நடந்தேன். அது நடக்கும் சாலையே அல்ல. இரண்டு பக்கமும் முள், நடுவில் தார், எந்நேரமும் டிப்பர் லாரி.

விதிப்படி எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி வலது ஓரமாகத்தான் நடந்தேன். அப்படியும் ஒரு லாரி என் இடது தோளை உரசிக்கொண்டு போனது. காற்று சட்டையைப் பிடித்து இழுத்தது. எங்கிருந்து வந்ததென்றே தெரியவில்லை. ஹாரன் அடிக்காமல் வருகிறார்கள், அயோக்கியர்கள்.

எனக்குப் பின்னால் வந்த ஒரு பெண்பிள்ளை, "ஏனுங்க சார், அத்தன பெரிய லாரி வருதே, பாக்கலீங்களா?" என்று கத்தினாள். நம் கேண்டீனில் பாத்திரம் தேய்க்கிறவள். அவளுக்கு என்ன தெரியும்.

உள்ளே போய்ச் சேர்ந்ததும் இரண்டு சொம்புத் தண்ணீர் குடித்தேன். வெயில்.


ஜூன் 10, செவ்வாய்

இன்றும் நடந்தேன். இன்று இரண்டு லாரிகள்.

இரவு வசுமதி, கண்ணில் விடச் சொன்ன சொட்டு மருந்துச் சீசாவை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "அப்படியே இருக்குதுங்களே."

மே மாதம் அவள் நச்சரிப்புத் தாங்காமல் கண் டாக்டரிடம் போனேன். எழுத்துப் பலகையின் கடைசி வரியைக் கடகடவென்று படித்தேன். அந்த டாக்டருக்கு முப்பது வயதுகூட இருக்காது. கண்ணில் அழுத்தம் கூடியிருக்கிறதாம். நரம்பு கெட்டுக்கொண்டிருக்கிறதாம். ஓரப் பார்வைக்கு ஒரு சோதனை எடுக்க வேண்டும், அதுவரை வண்டி ஓட்ட வேண்டாம் என்றார். கடைசி வரியைப் படிக்கிறவனிடம் சொல்லும் பேச்சா இது? நேரே பார்த்து ஓட்டுகிறேன். நேரே எல்லாம் தெரிகிறது.

ஆனால் அந்தச் சாலையில் இனி நடக்க முடியாது. கார் உள்ளே போயாக வேண்டும்.


ஜூன் 12, வியாழன்

வழி கிடைத்துவிட்டது. என் மூளை இன்னும் மழுங்கிப் போகவில்லை.

கேட்டில் செக்யூரிட்டி என்ன பார்க்கிறான்? தலையை எண்ணுகிறான். வடவள்ளியிலிருந்து மூன்று தலை வந்ததா, கடைசி மைலில் மூன்று தலை ஆனதா என்பது அவனுக்குத் தெரியாது. பிரிவில் டவுன் பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும் கேண்டீன் பெண்கள் இரண்டு பேர் தினமும் கண்ணில் படுகிறார்கள். ஒப்பந்தக்காரர்கள் ஆகையால் கம்பெனி பஸ்ஸில் அவர்களுக்கு இடமில்லை. அன்றைக்குக் கத்தியவள் மயிலாத்தா. இன்னொருத்தி ருக்மணி.

காரை நிறுத்தி ஏறச் சொன்னேன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நெசமாவுங்களா?" என்றாள் மயிலாத்தா. "அட, ஏறு ருக்கு. சார் கூப்புடறாரில்ல."

சீட்டில் கால்வாசிதான் உட்கார்ந்தாள். கொஞ்சதூரம் போனதும் முழுக்கச் சாய்ந்துவிட்டாள். "ஒரு மைலுக்கு மகாராணிங்க நாங்க" என்றாள். "ஏனுங்க சார், நாளைக்கும் உண்டுங்களா, இன்னைக்கு மட்டுந்தானா?"

"தினமும். ஆனால் கேட்டில் யார் கேட்டாலும் நீங்கள் இரண்டு பேரும் ஹோப் காலேஜ் ஸ்டாப்பிலிருந்து என்னோடு வருகிறீர்கள்."

"கேட்டா காந்திபுரம்னே சொல்லிப்போடறனுங்க."

செக்யூரிட்டி எட்டிப் பார்த்தான், எண்ணினான், சல்யூட் அடித்தான். இருபது மைல் தனியாக, கடைசி மைல் கூட்டமாக. திருமூர்த்தியின் சட்டத்துக்குள்ளேயே திருமூர்த்தியை ஜெயித்தேன். பார்த்தால் நம் கம்பெனியில் இன்னும் நாலைந்து பேர் இதையே செய்கிறார்கள். பிரிவில் இப்போது தலைக்குக் கிராக்கி.


ஜூன் 19, வியாழன்

இடது பக்கக் கண்ணாடி உடைந்திருக்கிறது. போன மாதம் மாற்றியதுதான். பின் கதவில் ஒரு நீளக் கீறல். வீட்டுக் கேட் தூணில் என் காரின் வெள்ளை பெயின்ட் இருப்பதாக வசுமதி சொல்கிறாள். தூண் கட்டியவன் கோணலாகக் கட்டியிருக்கிறான், அவ்வளவுதான். காலனியில் பசங்கள் வேறு பந்து விளையாடுகிறார்கள்.

சாப்பிடும்போது தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டேன். வசுமதி துடைத்தாள். பிறகு டம்ளர், மோர்க் கிண்ணம், உப்பு எல்லாவற்றையும் என் வலது பக்கம் நகர்த்தி வைத்தாள். பல வருடப் பழக்கத்தை எதற்கு மாற்றுகிறாள் என்று கேட்டேன்.

"சும்மாதானுங்க" என்றாள்.


ஜூன் 24, செவ்வாய்

வேடிக்கை. நோட்டீஸ் போர்டில் என் போட்டோவைப் போட்டிருக்கிறார்கள். 'தனிக் கார் துறந்த நாயகர்கள்' என்று தலைப்பு. துறவியாம்! கேட் கணக்கை வைத்து நித்திலா எடுத்த முடிவு. கேண்டீன் பெண்களையும் சேர்த்துக்கொண்டு வருவது முன்மாதிரியாம். மதியம் எல்லாரையும் கூட்டி, என்னை மேடையேற்றிக் கைதட்டச் சொன்னாள், தட்டினார்கள்.

திருமூர்த்தி தட்டவில்லை. கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். மேடையை விட்டு இறங்கும்போது இடது பக்கம் ஒரு ஸ்டூல். யார் வைத்தார்களோ, முழங்காலில் இடித்தது. அவன்தான் முதலில் ஓடி வந்து முழங்கையைப் பிடித்தான். உதறிவிட்டு நடந்தேன்.

மாலை திரும்பும்போது மயிலாத்தா காரில் ஏறியதும், "உங்க போட்டோ நல்லாருக்குதுங்க சார். மொகத்துல ஒரு சிரிப்பு மட்டுந்தான் இல்லை" என்றாள். ருக்மணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.


ஜூன் 28, சனி

வசுமதி விடவில்லை. அந்தச் சோதனைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

வெள்ளைக் கிண்ணம் போன்ற ஓர் இயந்திரம். அதற்குள் முகத்தை வைத்து நடுப்புள்ளியையே பார்க்க வேண்டும். ஓரங்களில் சின்னச் சின்ன வெளிச்சம் வரும். வரும்போதெல்லாம் கையிலுள்ள பட்டனை அழுத்த வேண்டும். சிறுபிள்ளை விளையாட்டு.

இயந்திரம் பழுது. ரொம்ப நேரம் காத்திருந்தும் வெளிச்சமே வரவில்லை. நர்ஸிடம் சொன்னேன். "ஓடிட்டுத்தான் இருக்குதுங்க சார், நீங்க நடுவுலயே பாருங்க" என்றாள். எனக்கு முன்னால் ஒரு கிழவர் டக் டக்கென்று அழுத்திக்கொண்டே இருந்தார். அவர் சும்மா அழுத்தியிருப்பார்.

அறிக்கையை வாங்காமல் வந்துவிட்டேன். வசுமதி திரும்பிப் போய் வாங்கி வந்தாள். ஆட்டோவில் வீடு வரை அதை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.


ஜூலை 1, செவ்வாய்

இன்று லாலி ரோட்டில் ஒன்றும் நடக்கவில்லை.


ஜூலை 2, புதன்

நேற்று எழுதியது சரிதான். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு சைக்கிள்காரன் என் பானெட்டில் கையால் ஓங்கி அறைந்தான், அவ்வளவுதான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் வாய் அசைவது தெரிந்தது. நான் கண்ணாடியை இறக்கவில்லை. அவன் எப்படி அங்கே வந்தான் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. சாலை காலியாக இருந்தது. நான் பார்த்தேன். காலியாகத்தான் இருந்தது.

இப்போதெல்லாம் சிக்னல்களில் தலையை இரண்டு பக்கமும் கோழி மாதிரித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் எடுக்கிறேன். பின்னால் நிற்கிறவர்கள் ஹாரன் அடிக்கிறார்கள். பக்கத்தில் யாராவது இருந்திருந்தால் என்னவென்று கேட்டிருப்பார்கள். நல்லவேளை, இல்லை.


ஜூலை 8, செவ்வாய்

சாரல். பாலக்காட்டுப் பக்கமிருந்து காலையிலிருந்தே விடாத சாரல்.

பிரிவில் வழக்கமான இடத்தில் இடது ஓரம் ஒதுக்கினேன். டீக்கடைப் படுதாவுக்குக் கீழே ருக்மணி நிற்பது தெரிந்தது. மயிலாத்தாவைக் காணோம், இன்றைக்கு வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். முன் சக்கரம் எதன் மீதோ ஏறி இறங்கியது. கல் என்று நினைத்தேன்.

ருக்மணியின் வாய் திறந்திருந்தது. சத்தம் அப்புறம்தான் என் காதுக்கு வந்தது.

மயிலாத்தா கதவுக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தாள். குடை உருண்டு சாலைக்குப் போய்விட்டது. இடது பாதம் வேறு யாருடையதோ போலத் திரும்பியிருந்தது. அவள் அழவில்லை. "சார், வண்டிய பொறத்தால எடுத்துராதீங்க, சார், எடுத்துராதீங்க" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரிக்கு என் காரிலேயே கொண்டுபோகிறேன் என்றேன். ருக்மணி என் முகத்தைப் பார்த்து, "வேண்டாமுங்க" என்றாள். டீக்கடைக்காரர் ஆட்டோ பிடித்தார். நான் பின்னாலேயே போகவில்லை. காரைப் பிரிவிலேயே விட்டுவிட்டு அந்த ஒரு மைலையும் நடந்தேன். எத்தனை லாரி வந்தது என்று தெரியாது.


ஜூலை 9, புதன்

பாதத்தில் எலும்பு முறிவு. தகடு வைத்திருக்கிறார்கள். செலவு என்னுடையது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டேன். பிரிவில் கிடந்த காரை ஆள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

நித்திலா போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "ரோட்டுல சேறு சார். தானே வழுக்கி வண்டிக்கு முன்னாடி வந்துட்டேன், சார் மேல தப்பில்லன்னு மயிலாத்தாக்கா சொல்றாங்க. போலீஸெல்லாம் வேண்டாமாம். நீங்க மனசு ஒடஞ்சு போயிடாதீங்க சார்."

தலையை ஆட்டினேன்.

அவள் வழுக்கியிருக்கலாம். சேறு இருந்தது.


ஜூலை 10, வியாழன்

சேறு இருந்தது உண்மைதான்.


ஜூலை 13, ஞாயிறு

திருமூர்த்தி வீட்டுக்கு வந்தான். தனியாக, ஸ்கூட்டரில். வசுமதி நாற்காலி போட்டாள். அவன் அதை நகர்த்திக்கொண்டு வந்து எனக்கு நேரெதிரே போட்டு உட்கார்ந்தான்.

"சார், எடப்பக்கம் உங்களுக்குத் தெரியறதில்லைங்களா?"

முன்னுரை கிடையாது. நான் அவனிடம் பேசும் முறையிலேயே அவன் என்னிடம் பேசினான்.

"யார் சொன்னது?"

"யாரும் சொல்லலீங்க. ஷாப் ஃப்ளோர்ல ட்ராலி வந்தா எல்லாரும் ஒதுங்கறாங்க, நீங்க ஒதுங்கறதில்லை. ரெண்டு மாசமாப் பாக்கறனுங்க."

"ஆகவே எனக்காக ஒரு சட்டம் போட்டாயாக்கும்."

"சட்டம் ஷெட்டுக்காகப் போட்டதுங்க. நித்திலாவ மட்டுந்தான் உங்களுக்காக அனுப்பிச்சேன்."

"நேரில் கேட்பதற்கென்ன?"

"நீங்கதான் எங்கிட்டப் பேசறதில்லைங்களே, சார்."

எனக்குள் இத்தனை வருடமாகத் தேங்கிக் கிடந்தது மேலே வந்தது. "ஆட்களோடு ஒத்து வராது என்று எம்.டி.யிடம் சொன்னவன் நீதானே? இப்போது எந்த முகத்தோடு என்னைக் காரில் கூப்பிடுகிறாய்?"

மறுப்பான், மழுப்புவான் என்று நினைத்தேன். அதற்கான பதில்களையெல்லாம் பல இரவுகளில் தயார் செய்து வைத்திருக்கிறேன்.

"ஆமாங்க சார், சொன்னேன். இன்னைக்குக் கேட்டாலும் அதேதான் சொல்லுவேன்" என்றான். "அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைங்க. நாளைக்கு ஏழேகாலுக்கு இந்த வழியாத்தான் போறோம்."

காபியோடு வந்த வசுமதி சிரிப்பை அடக்கிக்கொள்வது தெரிந்தது. அவள் என் வலது பக்கம் நின்றிருந்தாள்.

"வெளியே போ" என்றேன். காபியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் போனான்.


ஜூலை 14, திங்கள்

லீவு. பஸ் பிடித்து மயிலாத்தாவைப் பார்க்க நீலாம்பூர் போனேன். பஸ்ஸில் ஏறி எத்தனை காலம் ஆயிற்று. படியில் தடுக்கினேன். நடத்துனர், "மெதுவாங்க பெரியவரே" என்றான். ஐம்பத்து மூன்று வயதில் நான் பெரியவர்.

மயிலாத்தா ஒரு லைன் வீட்டில், கட்டிலில் காலை நீட்டிப் போட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ருக்மணி என்னைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

"நீ வழுக்கவில்லை" என்றேன்.

"இல்லீங்க."

"வண்டிக்கு முன்னால் வரவும் இல்லை."

"நின்ன எடத்துலதான் நின்னனுங்க. கைகூடக் காட்டுனேன். நேராப் பாத்தீங்க. பாத்துட்டே ஏத்துனீங்க."

"பின்னே ஏன் மாற்றிச் சொன்னாய்?"

என்னை மூடனைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "நெசத்தச் சொன்னா உங்க வண்டிய நிறுத்திப்போடுவாங்கல்லங்க? ஹோப் காலேஜ்ல இருந்து வர்றம்னு சொன்ன பொய்யும் வெளிய வந்துரும், காண்ட்ராக்டர் எங்களத் தொரத்தியுடுவான். கால் ஆறுனப்பொறவு இந்தக் காலை வெச்சுட்டு அந்த ஒரு மைலை நான் நடக்கோணுமுங்களா?"

இரக்கப்பட்டுச் சொன்னாள் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். அந்த இரக்கத்தை எப்படித் தாங்குவது என்றுதான் பஸ்ஸில் யோசித்துக்கொண்டு வந்தேன். இரக்கமே இல்லை.

"மறுபடியும் என் காரில் ஏறுவாயா?"

வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு உண்மையாகவே யோசித்தாள். "ஏறுவனுங்க. ஆனா நிக்கற எடத்த மாத்திக்கறேன். டீக்கடைக்குள்ளயே நின்னுக்கறேன். நீங்க வண்டிய நிறுத்திச் சாவியத் திருப்புன பொறவு வாரேன்." பிறகு குரலைத் தாழ்த்தி, "ருக்கு வரமாட்டாளாம். அவ பயந்தாங்கொள்ளிங்க" என்றாள்.

தகடு வைத்த காலோடு ஒருத்தி, நான் எப்போது சாவியைத் திருப்புவேன் என்று படுதாவுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டு நிற்பாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் வேறு எதுவும் நினைவில் இல்லை.


ஜூலை 15, செவ்வாய்

இன்றும் லீவு. அந்த அறிக்கையைப் படித்தேன். இரண்டு கண்ணுக்கும் இரண்டு வட்டங்கள். தெரியாத இடத்தில் கறுப்பு. வலது வட்டத்தின் ஓரங்களில் கறுப்பு. இடது வட்டத்தில், நடுவில் ஒரு சாவித் துவாரம் அளவுக்குத்தான் வெள்ளை.

இயந்திரத்தை நான் நம்பமாட்டேன். சாலை பொய் சொல்லாது. நாளை ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறேன். ஒரே முறை.


ஜூலை 16, புதன்

எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

காலை கிளம்பும்போது வசுமதி பட்டுக்கரைப் புடவையில் நின்றாள். காந்திபுரத்தில் வேலை இருக்கிறதாம், இறக்கிவிட வேண்டுமாம். அவளுக்குக் காந்திபுரத்தில் ஒரு வேலையும் கிடையாது. இருவருக்கும் அது தெரியும். முன் சீட்டில், என் இடது பக்கம், ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

மருதமலை ரோட்டில் வலது கையைக் கைப்பிரேக்கின் மேல் வைத்திருந்தாள். ஓரக்கண்ணால் அதைப் பார்க்க முடியவில்லை. தலையைத் திருப்பியபோதுதான் பார்த்தேன். "கையை எடு" என்றேன். எடுக்கவில்லை. எனக்குத் தெரியாமல் இடது பக்கம் எத்தனை பேர் வந்து போனார்களோ, அவளுடைய மூச்சு இழுபடும் சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். வேளாண் பல்கலைக்கழகம் வருவதற்குள் அந்த மூச்சுக்கு நான் பிரேக் போடப் பழகியிருந்தேன்.

லாலி ரோடு சிக்னல். சிவப்பு பச்சையானது. தலையை இரண்டு பக்கமும் திருப்பினேன். சாலை காலி. எடுத்தேன்.

"நில்லுங்க!"

கைப்பிரேக்கை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். வண்டி குலுங்கி நின்று அணைந்தது.

பம்பருக்கு ஒரு முழம் தள்ளி இரண்டு பெண் குழந்தைகள். பள்ளிச் சீருடை. பெரியவள் சின்னவளின் கையைப் பிடித்திருந்தாள். சின்னவளின் ரிப்பன் மஞ்சள். இடது பக்கத்திலிருந்துதான் வந்திருக்க வேண்டும். ஆனால் எனக்கு அவர்கள் எங்கிருந்தும் வரவில்லை. முதலில் இல்லை. பிறகு இருந்தார்கள்.

பெரியவள் என்னைப் பார்த்தாள். நான் நேராக அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்ததால் நான் பார்த்துத்தான் நிறுத்தினேன் என்று நினைத்திருப்பாள். லேசாகத் தலையசைத்துவிட்டு, தங்கையை இழுத்துக்கொண்டு போனாள்.

பின்னால் ஹாரன்கள். டிராஃபிக் போலீஸ்காரர் ஓடி வந்து என் பக்கக் கண்ணாடியைத் தட்டினார். "என்ன சார், ஆஃப் ஆயிருச்சா? ஓரங்கட்டுங்க, ஓரங்கட்டுங்க!"

ஓரங்கட்டுவதென்றால் இடது பக்கம் போக வேண்டும். சாவியின் மேல் கை இருந்தது. திருப்ப முடியவில்லை. இடது பக்கம் வசுமதி, அவளுக்கு அப்பால் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. ஒரு பஸ் இருக்கலாம். ஒரு தள்ளுவண்டி இருக்கலாம். இன்னும் இரண்டு குழந்தைகள் இருக்கலாம்.

"என்னால் முடியாது" என்றேன்.

"என்னது?"

"இவருக்குக் கண்ணு சரியில்லீங்க" என்றாள் வசுமதி. "எனக்கு ஓட்டத் தெரியாதுங்க. கொஞ்சம் தள்ளி விடுங்க."

முதல் முறையாக அவள் அதை வாயால் சொன்னது ஒரு போலீஸ்காரரிடம். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கெட்ட வார்த்தை சொல்ல வந்து, வசுமதியைப் பார்த்து விழுங்கிக்கொண்டார். அவரும் இரண்டு ஆட்டோக்காரர்களும் தள்ளினார்கள். ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று வசுமதி சொல்லச் சொல்லத் திருப்பினேன். மரத்தடியில் நின்றது.

போனை எடுத்தேன். நான் ஒருநாளும் அழைக்காத எண். முதல் மணியிலேயே திருமூர்த்தி எடுத்தான்.

"சொல்லுங்க சார்."

"லாலி ரோடு சிக்னல்" என்றேன்.

"வண்டி ரிப்பேருங்களா?"

"வண்டி நன்றாகத்தான் இருக்கிறது."

அந்தப் பக்கம் பாட்டுச் சத்தம் நின்றது. "சரிங்க சார். பக்கத்துலதான் வந்துட்டிருக்கோம். எறங்காதீங்க, வந்துடறோம்."

நித்திலாவின் சின்னக் கார் எங்களுக்குப் பின்னால் வந்து நின்றது. அவள் இறங்கி வந்து ஜன்னல் வழியாக வசுமதியின் தோளைப் பிடித்துக்கொண்டாள். திருமூர்த்தி என் ஜன்னலுக்கு வந்தான். "நித்திலா முன்னால போகட்டுங்க. நான் உங்க வண்டிய எடுக்கறேன். அம்மாவ வீட்டுல விட்டுட்டுப் போலாம்."

சாவியைக் கையில் மூடிக்கொண்டேன்.

"நம் பஸ் தினமும் பிரிவைத் தாண்டித்தான் வருகிறது. பாதி சீட் காலி. கேண்டீன் பெண்கள் நடக்கிறார்கள். நாளையிலிருந்து பிரிவில் நின்று அவர்களை ஏற்ற வேண்டும்."

"அது பர்மனன்ட் ஆளுங்களுக்கானதுங்க, சார். காண்ட்ராக்டர்கிட்டப் பேசோணும், எம்.டி. கையெழுத்து வேணும்..."

"அப்படியென்றால் நான் இங்கேயே இருக்கிறேன்."

"சார், ரோட்டுல நின்னுட்டு என்னங்க இது?"

"மயிலாத்தாவுக்குக் கால் ஆறினதும் என் வண்டிக்காக நிற்பாள். என் வண்டி இல்லையென்றால் இன்னொருவன் வண்டிக்கு நிற்பாள். உன் சட்டம் கேட்டில் தலையை எண்ணச் சொல்கிறது. பிரிவில் நாலைந்து பேர் தலை பிடித்துக்கொண்டிருக்கிறார்கள், உனக்குத் தெரியுமா?"

தெரியவில்லை. அவன் முகத்தில் அது தெரிந்தது. எனக்கு நேராக இருக்கும் எதையும் நான் இன்னும் நன்றாகப் பார்ப்பேன். நித்திலாவைத் திரும்பிப் பார்த்தான். நோட்டீஸ் போர்டில் படங்களை ஒட்டியவள் அவள்தான். அவள் மெதுவாக, "நாளைக்கே நிறுத்திரலாம் சார். கையெழுத்த நான் வாங்கறேன்" என்றாள்.

"நாளைக்கு" என்றான் திருமூர்த்தி என்னிடம்.

காரை விட்டு இறங்கினேன். சாவியை இடது கையால் நீட்டினேன். மறதியில்லை. வேண்டுமென்றேதான். வசுமதிக்கு அது புரிந்து, "ஏனுங்க" என்று பல்லைக் கடித்தாள்.

அவனும் கவனித்தான். ஒரு நொடி அந்தக் கையையே பார்த்தான். பிறகு இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டி, கோயிலில் விபூதி வாங்குவது போல வாங்கிக்கொண்டான்.

"உக்காருங்க சார்" என்றான். "நேரமாச்சு."